கொயினா மணி

கூரையின்மேல் ரப்பர் கொட்டை ஒன்று படாரென்று வெடித்து உருண்டது. வடிவாம்பாள் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தாள். கை புளி கரைத்துக்கொண்டிருந்தது. சக்கையைப் பிழிந்து எறிந்த பிறகும் விடாமல் வெறும் தண்ணீரைப் பிசைந்துகொண்டிருந்தது. ஒருத்திக்கு எதற்கு இத்தனை புளி? இரண்டு பேருக்கு அளந்து பழகின கை. சித்திரையில் நடந்தது இந்தக் கைக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது. மத்தியானம் வீராயி வந்து அந்தப் பேச்சைப் பேசிவிட்டுப் போனதிலிருந்து மனசும் இப்படித்தான், பிழிந்ததையே பிழிந்துகொண்டிருக்கிறது. வீராயி தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா. இவள் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்துக்கு டாக்டராக வந்த நாளிலிருந்து அங்கே இருக்கிறவள். கொல்லைப் படியில் குந்திக்கொண்டு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, ஏதோ கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள்: "அம்மா, இன்னிக்கிச் சாயங்காலம் கொயினா மருந்து குடுக்க நீங்க வந்து நிக்கணும். மருந்து கட்டுற டிரெசரு குடுத்தா ஒருத்தனும் முழுங்க மாட்டேங்குறான். வாயில வாங்கிக்கிட்டு தகரக் கொட்டாய்க்குப் பின்னால போய்த் துப்பிட்டு வர்றானுங்க. அங்க புல்லே கருகிப் போச்சு. கீழ லயத்துல வூட்டுக்கு ஒரு ஆளு குளிர்காச்சல்ல கம்பளியப் போத்திக்கிட்டுக் கெடக்கு. போன வாரம் மாரப்பன் மவ போயிட்டா, தெரியுமில்ல?" தெரியும். பறைச் சத்தம் இங்கே வரை கேட்டது. "டிரெசர்கிட்ட சொல்லேன், கொஞ்சம் அதட்டிக் குடுக்கச் சொல்லி" என்று வடிவாம்பாள் சொன்னதற்கு வீராயி சிரித்தாள். "அவரா? அவரு மொதல்ல ஒரு வாய் குடிக்கட்டும்னு கேக்குறாங்க. அவரு குடிக்க மாட்டேங்குறாரு. டாக்டரு குடிச்சிட்டுத்தானே குடுப்பாரு." அவ்வளவுதான். புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வடிவாம்பாள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள். பார்க்கலாம் என்று சொல்கிறவர்கள் பார்ப்பதே இல்லை என்பது வீராயிக்கும் தெரியும்.

எப்படிப் போய் நிற்பது? நெற்றியில் ஒன்றும் இல்லாமல், கழுத்தில் ஒன்றும் இல்லாமல், இந்த வெள்ளைப் புடவையோடு, சாயங்கால வேளையில் நூறு பேர் முகத்துக்கு எதிரே கையில் கிளாசோடு எப்படிப் போய் நிற்பது? ஊரில் என்றால் இந்நேரம் அத்தையும் நாத்தனாரும் இருட்டறையில் பாயைப் போட்டு, இப்படி உட்காரு, அப்படிப் போகாதே என்று சட்டம் சொல்லியிருப்பார்கள். மலாயாவில் சட்டம் சொல்ல ஆள் இல்லை. கிணற்றடியில் தாலியைக் கழற்றின பெண்கள்கூட லயத்துக் கூலிப் பெண்கள்தான். என்ன செய்வது, எந்தக் கையால் செய்வது என்று தெரியாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வீராயிதான், "மன்னிச்சிக்கம்மா" என்று சொல்லிக்கொண்டே கழற்றினாள். அன்றைக்குக் கதவைச் சாத்தினவள்தான். யாரும் சாத்தச் சொல்லவில்லை. துரை ஆளனுப்பினார்: புது டாக்டர் பினாங்கிலிருந்து தீபாவளி கழித்துத்தான் வருகிறார், அதுவரை வீட்டில் இருக்கலாம், அப்புறம் நாகப்பட்டினம் போக ஏற்பாடு செய்கிறோம் என்று. நல்ல மனுஷன். ஆனால் அந்தச் சேதியைக்கூடக் கதவிடுக்கில் நின்றுதான் கேட்டாள். நம் முகம் யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட சட்டம். நாமே போட்ட முடிச்சு என்றால் அவிழ்ப்பது இன்னும் கஷ்டம். போன மாதம் மேல் லயத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் காற்றில் வந்தது. வடிவாம்பாள் அவசரமாக எழுந்து வெள்ளிக் கிண்ணத்தைத் துடைத்து, சர்க்கரையைப் போட்டு, வெந்நீர் விட்டுக் கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தோட்டத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் டாக்டரம்மா கையால்தான் சேனை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் படுகிற அந்தச் சர்க்கரைத் தண்ணீரை அவள் விரல்தான் தொட்டு வைக்கும். தனக்கென்று ஒன்று பிறக்காத விரல். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை; அவள்தான் முதலில் நினைத்தாள், பிறகு குழந்தைகளின் நாக்கு அவள் விரலைச் சப்பின சப்பலில் அதை மறந்தாள். அன்று வெயில் சாய்கிற வரையில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. கிண்ணத்தில் எறும்பு வந்தது. அப்புறம் அதை முற்றத்தில் கொட்டினாள். வரவில்லையே, வரவில்லையே. அது சரிதான், எப்படி வருவார்கள், நானாக இருந்தால் கொண்டுவருவேனா? கொண்டுவரமாட்டேன். மாரியாத்தா சத்தியமாகக் கொண்டுவரமாட்டேன். அப்படியிருக்க இன்றைக்கு மட்டும் என் கையால் கொயினா வாங்கிக் குடிப்பார்களா? வீராயிக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதை வாங்கிக்கொண்டு திரும்பிவரப் போவது நான்தானே.

கூரைமேல் இன்னொரு கொட்டை வெடித்தது. ஆவணி பிறந்தால் இந்தத் தோட்டத்தில் பகலெல்லாம் இதே கூத்துதான். முதன்முதலில் வந்தபோது யாரோ துப்பாக்கி சுடுகிறார்கள் என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அவர் குனிந்து எட்டிப் பார்த்து, "என்ன, அங்கே ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் கேட்பதுதான் அவர் வழக்கம். கப்பலில் வாந்தி எடுத்து எடுத்து நார்நாராகக் கிழிந்த புதுப்பெண், மூட்டையும் பெட்டியுமாக மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி வரிசை, ஒவ்வொரு மரத்திலும் ஒரே மாதிரிக் கீறல், கீறலுக்குக் கீழே ஒரே மாதிரிக் கொட்டாங்கச்சி. பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. புளித்த பால் வாடை, புகைக் கொட்டகையில் ரப்பர் ஷீட்டு காய்கிற வாடை. இந்த நாற்றத்தில் மனுஷி எப்படிச் சாப்பிடுவது என்று அழுதாள். இப்போது நாகப்பட்டினத்தில் போய் இந்த வாடை இல்லாமல் எப்படித் தூங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். அந்த முதல் சாயங்காலம் தண்டவாளத் துண்டில் மணி அடித்தது. என்ன கோயிலா என்று கேட்டாள். "கோயில்தான், பிரசாதம்தான் கொஞ்சம் கசக்கும், வா" என்று கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெரிய கண்ணாடி ஜாடி. எதிரே ஆணும் பெண்ணுமாக நீண்ட வரிசை. அவர் ஒரு கிளாசில் கொயினாத் தண்ணியை ஊற்றி, எல்லாரும் பார்க்கத் தன் வாயில் விட்டு முழுங்கி, தோட்டம் கிடுகிடுக்கத் தன் பெயரை உரக்கச் சொன்னார். கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுத்து. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன. அப்புறம் வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குடித்து, வாயைத் திறந்து, தங்கள் தங்கள் பெயரைக் கத்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குப் புரியவில்லை. "வாயில தண்ணி வச்சிருக்கிறவன் பேர் சொல்ல முடியாது. சொன்னா உள்ளே போயிடுச்சுன்னு அர்த்தம்" என்றார். அவர் கண்டுபிடித்த வழி. அதற்கு முன்னே முழுங்குகிறவன் பாதி, துப்புகிறவன் பாதி, சாகிறவனுக்குக் கணக்கில்லை. அப்புறம் கிளாசை அவளிடம் நீட்டினார். புது மனைவி, தாலி மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை, இத்தனை பேர் பார்க்க! வாங்கிக் குடித்தாள். குமட்டியது. தலையைக் குனிந்துகொண்டு தன் பெயரை முணுமுணுத்தாள். "கேக்கலை, உரக்கச் சொல்லு" என்றார். பாவி மனுஷன். எல்லாரையும் விட்டுவிட்டு அவளைப் போய். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அன்று ராத்திரி சோற்றைப் போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாளிலிருந்து அவளுக்கு மட்டும் கொயினா அடுப்படிக்கு வந்தது. ஜனங்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, ஒரு கிளாசை மூடி எடுத்துக்கொண்டு வருவார். குடித்துவிட்டு, "வடிவாம்பாள்" என்பாள். "கேட்டுச்சு" என்பார். உடனே கோட்டுப் பையில் கையை விட்டு ஒரு துண்டு குலா மலாக்கா எடுத்து நீட்டுவார். மலாய்க்காரர்களின் பனைவெல்லம், கருப்பு, புகை வாசனை அடிக்கும். அந்தப் பையில் எப்போதும் எறும்பு. துரை ஒருநாள் கை குலுக்க வந்தவர் கையை உதறிக்கொண்டு போனாராம். "பொறந்த அன்னிக்கி நீ தித்திப்பு வைக்கிறே, அப்புறம் ஆயுசு பூரா நான் கசப்பு வைக்கிறேன். எல்லாருக்கும் உன்னைத்தான் பிடிக்கும்" என்று சொல்வார். அந்தக் கோட்டு இப்போதும் ஆணியில் தொங்குகிறது. எறும்பு இன்னும் அதைச் சுற்றி வந்துகொண்டுதான் இருக்கிறது. எறும்புக்கும் சேதி எட்டவில்லை.

தன் பெயரை அவள் இப்படித் தினம் சொன்னாள். அவர் பெயரை? அதுதான் சொல்லவே கூடாதே. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அம்மா, அம்மாவுக்கு அம்மா, எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள். இவள் மட்டும் கப்பலேறி வந்துவிட்டால் அது கடலில் விழுந்துவிடுமா? அவள் சொல்லாததை நாமும் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். அந்தப் பெயரில் முருகனுடைய பறவை இருந்தது. அதனால் அந்தப் பறவையையும் அவள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. முருகன் காலண்டரைக் காட்டி லயத்துக் குழந்தை ஒன்று, "இது என்னா பச்சி டாக்டரம்மா?" என்று கேட்டபோது, "சாமியோட கோழி" என்று சொல்லி வைத்தாள். அந்தக் குழந்தை ரொம்ப நாள் அதைக் கோழி என்றே சொல்லிக்கொண்டு திரிந்தது. அவருக்கு அது போதும், மாசக்கணக்கில் சிரிக்க. ஒரு தரம் சென்சஸ் எடுக்கிற சீனாக்காரப் பையன் வந்தான். அவர் வீட்டில் இல்லை. வீட்டுக்காரர் பெயர் என்ன என்று மலாயில் கேட்கிறான். இவளுக்கு மலாயும் வராது, சொல்லவும் கூடாது. உள்ளே ஓடிப்போய்ப் பூஜை மாடத்திலிருந்து தோகைக் கட்டை எடுத்துவந்து அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். அவன் பயந்துபோய், வெயிலுக்கு விசிறுகிறாளாக்கும் என்று தலையைத் தாழ்த்தி வணக்கம் சொன்னான். "போச்சு! சர்க்கார் கணக்குல என் பேர் இனிமே விசிறி" என்று அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஒரே ஒரு தரம் சொல்லு, தங்க வளையல் வாங்கித் தர்றேன் என்று ஆசை காட்டினார். அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது அவளே கொயினாவை ஊற்றிக் கொடுத்தாள். முழுங்கிவிட்டு, வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு, நீ சொல்லு என்று விரலால் சாடை காட்டினார். "அபிஷ்டு மாதிரிப் பேசாதீங்க" என்றாள். பேசவே இல்லையே என்று மறுபடியும் சாடை காட்டினார். அப்போது சொல்லியிருக்கலாமோ? சொன்னால் ஆயுசு குறையும். சொல்லவில்லை. சொல்லாமலும் குறைந்துதான் போயிற்று. மழையில் நனைந்துகொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போனவர், திரும்பி வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் இவள் கட்டிக்காத்த வாய் என்னத்தைக் காத்தது? இதை நினைக்கிறபோது அவளுக்குத் துக்கம்கூட இல்லை, கோபம்தான் வருகிறது. அம்மாமேல், அம்மாவுக்கு அம்மாமேல், காலண்டரில் வேலை ஊன்றிக்கொண்டு சிரிக்கிற முருகன்மேல்.

இதைவிட ஒரு பயம் இருக்கிறது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீராயியிடம்கூட. போன வாரம் தச்சன் வந்து வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனான், புது டாக்டருக்காகச் சாயம் பூச. இங்கிலீஷ் எழுத்து, அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நாள் கிழமை என்று பாராமல் தினம் துடைத்து வைப்பாள். முதல் எழுத்து இரண்டு மலைக்கூம்பு சேர்ந்தாற்போல இருக்கும். சுவரில் இப்போது பலகை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. இந்தத் தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யார்? துரைக்கு அவர் டாக்டர். லயத்துக்கு டாக்டர் ஐயா. டிரெசருக்கு சார். இவளுக்கு 'இந்தாங்க'. தினம் சாயங்காலம் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அவர் ஒருத்தர்தான் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் போனபின் அதைச் சொல்ல ஆள் இல்லை. பெயருக்கு முன்னால் எழுத்தாகப் போட்டுக்கொள்ள ஒரு பிள்ளை இல்லை. தீபாவளி கழித்து இன்னொருத்தர் வருவார், மறுநாளே டாக்டர் என்ற வார்த்தையும் அவரிடம் போய்விடும். டாக்டர் வந்தாரா, டாக்டர் சாப்பிட்டாரா என்று வீராயியே கேட்பாள், வேறு யாரையோ மனசில் வைத்துக்கொண்டு. அப்புறம் இவருக்கு என்ன மிச்சம்? சித்திரையிலிருந்து அந்தப் பெயர் காற்றில் ஒரு தரம்கூடப் படவில்லை. மனசுக்குள்ளாவது சொல்லிப் பார்க்கலாம் என்றால் மனசும் இத்தனை வருஷப் பழக்கத்தில் அதன் கிட்டே போய்ப் போய்ச் சடக்கென்று திரும்பிவிடுகிறது, இருட்டில் கிணற்று விளிம்புக்கு வந்த காலைப் போல. முந்தாநாள் அவர் குரலை நினைத்துப் பார்த்தாள். 'கேட்டுச்சு' என்பது கேட்டது. 'என்ன, அங்கே ஏதாவது விழுந்துடுச்சா' என்பது கேட்டது. சாயங்கால மணி முடிந்ததும் வருகிற அந்த ஒற்றைக் கத்தல், அடுப்படியில் விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டே இத்தனை வருஷம் கேட்ட கத்தல், அது மட்டும் வரவில்லை. இழுப்பு வந்தது, எழுத்து வரவில்லை. பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். மறந்துவிட்டேனா? இல்லை, தெரிகிறது, இதோ இருக்கிறது, நாக்குக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் இருக்காது. நாகப்பட்டினத்தில் கொழுந்தனார் வீட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டுக்காரர், எங்கள் வீட்டுக்காரர் என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் அது கரைந்து போயிருக்கும்.

"அம்மா." கொல்லைப் பக்கம் வீராயி மறுபடியும் நின்றாள். இப்போது வாயில் வெற்றிலை இல்லை, தலையில் ஆஸ்பத்திரித் துணி கட்டியிருந்தாள். "மணி அடிக்கப் போறாங்க. வர்றீங்களா, இல்ல நான் போவட்டுமா?" வடிவாம்பாளுக்கு வந்த ஆத்திரத்தில், ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. "என் கையால வாங்குவாங்களாடி? மேல் லயத்துல பிள்ளை பொறந்துச்சே, சேனைக்குக் கொண்டுவந்தாங்களா? கிண்ணத்தை வச்சுக்கிட்டு அன்னிக்கு முழுக்க உட்கார்ந்திருந்தேன்." வீராயி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கொண்டாந்தோமே" என்றாள். "நாந்தான் தூக்கிக்கிட்டு வந்தேன், வாசப்பக்கமா. நீங்க உள்ளாற தாப்பாப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு தட்டுத் தட்டினேன். சரி, அம்மாவுக்கு இஷ்டமில்ல, ஆரையும் பாக்கப் புடிக்கலன்னு திரும்பிப் போயிட்டோம். புள்ளைக்கு இன்னும் ஆரும் சேனை வெக்கல. டாக்டரம்மா கதவத் தொறக்கட்டும்னு கெடக்கு." தட்டினாளா? அன்றைக்கு ரப்பர் கொட்டை வெடித்துக்கொண்டே இருந்தது. கூரையிலா கதவிலா என்று யார் கண்டது? அல்லது வீராயி இப்போது என் மனசு நோகக்கூடாது என்று கதை கட்டிச் சொல்கிறாளா? அவளும் பொய் சொல்லக்கூடியவள்தான், நல்ல காரியத்துக்கு நன்றாகவே சொல்வாள். முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. ஒருவேளை நிஜம் என்றால், நான் கிண்ணத்தோடு இந்தப் பக்கமும் குழந்தை பசியோடு அந்தப் பக்கமும், நடுவே நானே போட்ட தாழ்ப்பாள். வடிவாம்பாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போது தண்டவாளத் துண்டில் மணி விழுந்தது. அடுப்படியில் விளக்கு ஏற்றுகிற வேளை. திரியை நிமிண்டப் போன கையை இன்றைக்கு நிறுத்திக்கொண்டாள். புளித்தண்ணீர்ப் பாத்திரத்தை மூடினாள். முகத்தை அலம்பித் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். கண்ணாடி பக்கம் போகவில்லை. போனால் நின்றுவிடுவோம் என்று தெரியும்.

தாழ்வாரத்தில் ஏறினபோது வரிசையில் பேச்சு நின்றது. அதுதான் அவளுக்குப் பயம், அந்த நிற்பது. டிரெசர் குஞ்ஞுராமன் எழுந்து, "வரணும் அம்மே" என்று தன் நாற்காலியைத் தள்ளினான், அவள் உட்காரவில்லை. ஜாடியில் கொயினாத் தண்ணி அப்படியே, அதே வெளிர் நிறம், அதே வாடை. இத்தனை நாள் மூடின கிளாசில் அடுப்படிக்கு வந்த வாடை, இங்கே மொத்தமாக அடித்தது.  கிளாசில் ஊற்றி நீட்டினாள். வரிசையில் முதலில் நின்றவள் கொளஞ்சி. ரப்பர் பால் வெட்டுகிற பெண், கல்யாணமானவள், இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அந்தச் சாமியோட கோழிக் குழந்தை. இவள் வைத்த சேனையைச் சப்பின நாக்குதான். கொளஞ்சி கிளாசைப் பார்த்தாள், வடிவாம்பாள் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. பின்னால் நின்றவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான், நினைத்தது சரிதான், வீராயி கட்டித்தான் சொல்லியிருக்கிறாள்.  நீட்டின கையை எப்படி மடக்குவது என்று தெரியவில்லை. திரும்பிப் போகிற வழியில் எத்தனை மரம் இருக்கிறது, அத்தனை மரமும் பார்க்குமே என்று தோன்றியது.

"நீங்க மொதல்ல குடிங்கம்மா" என்றாள் கொளஞ்சி. "டாக்டரு ஐயா குடிச்சிட்டுத்தானே குடுப்பாரு. குடிச்சிட்டுப் பேரைச் சொல்லுங்க." பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், "அதானே! டாக்டரம்மா பேரு என்னான்னே ஒருத்தருக்கும் தெரியாதே" என்றது. யாரோ ஒரு கிழவி கிளுக்கென்று சிரித்தாள். நல்ல சிரிப்புதான், பழைய நாட்களின் சிரிப்பு. வடிவாம்பாள் கிளாசைத் தன் வாயில் கவிழ்த்தாள். அப்பா, என்ன கசப்பு. குலா மலாக்கா இல்லாத கசப்பு. நாக்கு சுருண்டது, தொண்டை ஒரு தரம் மறுத்து மறு தரம் வழி விட்டது. உள்ளே போய்விட்டது. இனிச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வடிவாம்பாள் என்று சொல்ல வேண்டும், உரக்க, எல்லாருக்கும் கேட்க. வாயைத் திறந்தாள். தலை நிமிர்ந்தது.

"மயில்வாகனம்!"

கடைசி எழுத்து இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசை மரங்களைத் தாண்டிக் கேட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. தலைப்பை அள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். குஞ்ஞுராமன் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. வீராயி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சிரித்த கிழவி சிரிக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டீர்கள், அது உங்கள் பெயர் இல்லையே என்று அந்த நூறு பேரில் ஒருத்தர் சொல்ல வேண்டுமே! சொல்லவில்லை. கொளஞ்சி காலி கிளாசை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, ஜாடிக்கு நேரே நீட்டினாள். வடிவாம்பாள் ஊற்றினாள். கொளஞ்சி ஒரே மடக்கில் முழுங்கி, முகத்தைச் சுளித்து, "கொளஞ்சி" என்றாள். தெளிவாக, வாயைத் திறந்து காட்டி. நகர்ந்தாள். அடுத்தவன் மாரப்பன், போன வாரம் மகளைப் பறிகொடுத்தவன். வாங்கி வாயில் விட்டுக்கொண்டு, கன்னம் உப்பினபடியே தலையைக் குனிந்து என்னமோ முனகினான். தகரக் கொட்டகைப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தான்.

"கேக்கலை, உரக்கச் சொல்லு" என்றாள் வடிவாம்பாள்.